பன்னிரண்டு பேர் கணக்கு

கல்லூரிகளில் மாணவர் சேர்க்கை முடிந்து முதலாமாண்டு வகுப்புகள் தொடங்கும் காலம் இது. துறைத் தலைவர்களின் மேசைகளில் கால அட்டவணை தயாராகும்போது, உடற்கல்வி இயக்குநரின் மேசையில் வேறொரு தாள் தயாராகிக் கொண்டிருக்கும். வரும் பருவத்தில் கல்லூரிக்காக ஆடப்போகிறவர்களின் பெயர்ப் பட்டியல் அது. கூடைப்பந்து என்றால் பன்னிரண்டு பெயர்கள். களத்தில் ஐவர், மாற்று ஆட்டக்காரர்கள் எழுவர்.

திண்டுக்கல்லில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளியல் கற்பித்தவன் நான். கல்லூரியின் விளையாட்டுக் குழுவில் ஆசிரியர் உறுப்பினராகச் சில ஆண்டுகள் இருந்ததால், அந்தப் பட்டியல் உருவாவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். 'இந்த ஆண்டு நம் அணி எப்படி?' என்று யாரைக் கேட்டாலும் பதில் ஒரே ஒரு பெயரில்தான் தொடங்கும். நெடிய உயரத்தில் ஒரு பையன் வந்து சேர்ந்திருக்கிறான் என்பார்கள். அல்லது சென்ற ஆண்டு அணியைத் தாங்கிய ஒருவர் படிப்பு முடிந்து போய்விட்டார் என்பார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால், ஓர் அணியின் வரும் பருவத்தைக் கணிக்க அந்த ஒரு பெயர் போதாது.

மூன்று எண்கள் தேவை. இந்த ஆண்டு அணியிலிருந்து வெளியேறியவர்கள் எத்தனை பேர்? முதலாமாண்டில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? வெளியேறியவர்களில் பட்டத்தோடு வெளியேறியவர்கள் எத்தனை பேர்? முதல் இரண்டு எண்களும் இந்த ஆண்டின் வெற்றி தோல்வியையும், அடுத்த இரண்டு ஆண்டுகளின் வெற்றி தோல்வியையும் பெருமளவு சொல்லிவிடும். மூன்றாவது எண், அந்த அணியை நடத்துவதற்கு அந்தக் கல்லூரிக்குத் தகுதி இருக்கிறதா என்பதைச் சொல்லும். முதல் இரண்டையும் பற்றிப் பேசுகிறோம். மூன்றாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கூடைப்பந்து நம் ஊர்களுக்குக் கல்வி நிலையங்கள் வழியாகவே வந்தது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், 1891 டிசம்பரில் தம் மாணவர்களுக்குக் குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆட ஒரு விளையாட்டு வேண்டுமென்று இதை உருவாக்கினார். அவர் பழக்கூடையை மாட்டிய பத்தடி உயரம் இன்றைக்கும் மாறவில்லை. அதே இயக்கத்தைச் சேர்ந்த ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பயின்றவர்கள் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் ஆசிரியர்களாகச் சென்றார்கள். அவர்களோடு இந்த விளையாட்டும் மாவட்டங்களுக்குச் சென்றது.

சிறு நகரங்களில் இது வேரூன்றியதற்கு ஒரு பொருளாதாரக் காரணமும் உண்டு. கூடைப்பந்துக் களம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். நம் கணக்கில் சுமார் பத்தரை சென்ட் நிலம். ஒரு கால்பந்து மைதானத்துக்கு ஒன்றேமுக்கால் ஏக்கராவது வேண்டும். இடநெருக்கடியுள்ள நகரப் பள்ளியிலும்கூட ஒரு சிமென்ட் தளமும் இரண்டு கம்பங்களும் அமைத்துவிட முடியும். திண்டுக்கல்லுக்கு வடக்கே கரூரிலும், வத்தலகுண்டு வழியே சென்றால் பெரியகுளத்திலும் கோடைதோறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிகள் நடைபெறுகின்றன. கரூரில் எல்.ஆர்.ஜி. நாயுடு நினைவுக் கோப்பை. பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி விளையாட்டுக் கழகம் நடத்தும் போட்டி. நாட்டின் முன்னணி ஆட்டக்காரர்களை இப்பகுதிச் சிறுவர்கள் களத்தோரம் உட்கார்ந்து பார்க்க முடிகிறது. ஆகவே ஆட்டத்தின் மீதான ஆர்வத்துக்கு இங்கே பஞ்சமில்லை. ஆர்வத்தை அணியாக மாற்றுவதில்தான் சிக்கல்.

முதலில் வெளியேறுவோர் கணக்கைப் பார்ப்போம். கலை, அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் படிப்பு மூன்று ஆண்டுகள். பன்னிரண்டு பேரும் மூன்று வகுப்புகளிலும் சமமாக இருந்தால், ஆண்டுக்கு நால்வர் வெளியேறுவர். அதாவது அணியின் மூன்றில் ஒரு பங்கு ஒவ்வோர் ஆண்டும் புதிது. பொறியியல் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் என்பதால் அங்கே மூவர்தான் வெளியேறுவர். ஒரே ஊரில், ஒரே மாதிரிப் பயிற்சியில் இருக்கும் இரண்டு அணிகளில் பொறியியல் கல்லூரி அணியின் ஆட்டம் சற்று முதிர்ந்து தெரிவதற்கு இந்த ஓராண்டு வேறுபாடே பெரிய காரணம்.

ஆனால், சேர்ந்தவர்கள் அனைவரும் இறுதியாண்டு வரை அணியில் நிலைத்திருப்பதில்லை. முழங்கால் காயத்தால் ஒருவர் ஒதுங்குவார். தேர்வில் தாள்கள் தேங்கி, வீட்டில் கண்டிப்பு வந்து இன்னொருவர் நின்றுவிடுவார். குடும்பச் சூழலால் படிப்பையே நிறுத்துவோரும் உண்டு. எனவே உண்மையான கணக்கு ஏறத்தாழ இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்: முதலாமாண்டில் ஐவர், இரண்டாமாண்டில் நால்வர், மூன்றாமாண்டில் மூவர். கூட்டினால் பன்னிரண்டு. இந்த விகிதம் நீடிக்க, ஆண்டுதோறும் ஐந்து புதியவர்கள் வந்தாக வேண்டும்.

ஓர் ஆண்டு மட்டும் இருவரே சேர்ந்தால் என்ன ஆகும்? அந்த ஆண்டு 2, 4, 3 என்று அணியில் ஒன்பது பேர். அடுத்த ஆண்டு சேர்க்கை மீண்டும் ஐந்தாக உயர்ந்தாலும் 5, 2, 3 என்று பத்துப் பேர்தான். அதற்கும் அடுத்த ஆண்டு 5, 4, 1. மூன்று ஆண்டு அனுபவமுள்ளவர் அணியில் ஒரே ஒருவர். ஒரு ஜூன் மாதத்தில் சேர்க்கை மேசையில் ஏற்பட்ட பள்ளம், மூன்று பருவங்களுக்கு அணியோடு நடந்து செல்கிறது. மக்கள்தொகையியலில் ஓர் ஆண்டில் பிறப்பு குறைந்தால் அது பிற்கால வயதுப் பிரிவுகளில் எல்லாம் தெரிவதைப் போன்றது இது.

கரோனா காலத்தில் இதைக் கண்கூடாகக் கண்டோம். 2020-21 கல்வியாண்டின் பெரும்பகுதி வளாகங்கள் மூடிக் கிடந்தன. அந்த ஆண்டு சேர்ந்தவர்கள் கல்லூரிக் களத்தில் பந்தைத் தொடாமலேயே இரண்டாமாண்டுக்கு வந்தார்கள். அவர்கள் பட்டம் பெற்று வெளியேறிய 2023 வரை, பல அணிகளில் மூத்தவர்கள் என்று பெயர் இருந்தும் அனுபவம் இல்லாத நிலை நீடித்தது.

ஆகவே, இந்த ஆண்டு வெல்லக்கூடிய அணியும், எதிர்காலமுள்ள அணியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒரு கல்லூரியில் மூன்றாமாண்டு மாணவர்கள் எழுவர், இரண்டாமாண்டில் மூவர், முதலாமாண்டில் இருவர் என்று வைத்துக்கொள்வோம். அந்த அணி இந்தப் பருவத்தில் கோப்பை வாங்கக்கூடும். அடுத்த ஜூனில் அங்கே மிஞ்சுவது ஐவர். மற்றொரு கல்லூரியில் மூன்றாமாண்டில் மூவர், முதலாமாண்டில் ஐவர். அந்த அணி இந்தப் பருவத்தில் அரையிறுதியோடு திரும்பினாலும் அதன் கையில் சொத்து இருக்கிறது. லாபத்தை மட்டும் பார்த்து இருப்பைப் பார்க்காத வணிகரைப் போலவே, கோப்பையை மட்டும் பார்த்து முதலாமாண்டுச் சேர்க்கையைப் பார்க்காத கல்லூரியும் ஒரு நாள் திகைத்து நிற்கும்.

எண்ணிக்கையோடு இடப்பொருத்தமும் கவனிக்கத்தக்கது. வெளியேறிய நால்வரும் ஒரே வேலையைச் செய்தவர்கள் அல்லர். கூடைக்கு அடியில் நின்று பந்தைக் கைப்பற்றும் சென்டர் ஆட்டக்காரருக்கு உயரம் வேண்டும். அதைப் பயிற்சியால் தர முடியாது, சேர்க்கையில்தான் பெற முடியும். பந்தை முன்னே கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டுக்கு உயரம் அவ்வளவு தேவையில்லை. ஆனால், எந்தத் தோழர் எந்த நொடியில் எங்கே இருப்பார் என்ற அறிவு வேண்டும். அது அதே தோழர்களோடு இரண்டு ஆண்டுகளாவது ஆடினால்தான் கைகூடும். எனவே, உயரமானவர் வெளியேறினால் வெளியே தேட வேண்டும். பாயின்ட் கார்டு வெளியேறுவதற்கு ஓராண்டுக்கு முன்பே உள்ளே ஒருவரைத் தயார் செய்திருக்க வேண்டும். சென்ற பருவத்தில் எந்த இரண்டாமாண்டு மாணவருக்கு அந்த இடத்தில் ஆடும் நிமிடங்கள் கொடுக்கப்பட்டன என்று கேட்டுப் பாருங்கள். வரும் பருவத்தைப் பற்றிய பாதி விடை அதில் இருக்கும்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு நிலையையும் சொல்ல வேண்டும். திண்டுக்கல் வட்டாரத்தின் கல்லூரி மாணவர்கள் நான்கு வெவ்வேறு பல்கலைக்கழகக் குடைகளின் கீழ் ஆடுகிறார்கள். கலை, அறிவியல் கல்லூரிகள் 1966-இல் தொடங்கப்பட்ட மதுரைப் பல்கலைக்கழகத்தில், அதாவது இன்றைய மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இணைவு பெற்றவை. மகளிர் கல்லூரிகள் கொடைக்கானலில் 1984-இல் அமைந்த அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவை. பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் மண்டலப் போட்டிகளில் ஆடுகின்றன. சின்னாளபட்டி அருகேயுள்ள காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் தனித்து ஓர் அணியை அனுப்பும் தகுதி கொண்டது. ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே பள்ளியில் ஆடிய இரண்டு நண்பர்கள், ஒருவர் வணிகவியலும் மற்றவர் பொறியியலும் எடுத்துவிட்டால், அதன்பின் ஒரே அணியில் ஆடும் வாய்ப்பே இல்லாமல் போகலாம்.

இதனால் என்ன? கல்லூரி அணிக்கு மேலே ஒரு படிக்கட்டு இருக்கிறது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் சிறந்து ஆடுகிறவர்களிலிருந்து பல்கலைக்கழக அணி தேர்வாகும். அந்த அணி, இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் தென்மண்டலப் போட்டிக்குச் செல்லும். மண்டலத்தில் முதல் நான்கு இடங்களைப் பெறுவோர் அகில இந்தியப் போட்டிக்குச் செல்வர். 2020 முதல் நடைபெறும் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள் அதற்கும் மேலான படி. எத்தனை கல்லூரிகள் ஒரு பல்கலைக்கழகத்தில் இணைந்திருந்தாலும், பல்கலைக்கழக அணியில் இருப்பதும் பன்னிரண்டு இடங்களே. கல்லூரிகள் மிகுந்த அண்ணா பல்கலைக்கழகத்தில் அந்தப் பன்னிரண்டில் ஒன்றைப் பெறுவது கடினம். கல்லூரிகள் குறைந்த பல்கலைக்கழகத்தில் ஓர் எளிய குடும்பத்துப் பெண்ணுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, 'எந்தக் கல்லூரி பெரியது' என்பதைவிட 'எங்கே எனக்குக் களத்தில் இடம் கிடைக்கும்' என்பது ஒரு மாணவர் கேட்க வேண்டிய கேள்வி. இதைப் பள்ளியிலேயே அவர்களுக்குச் சொல்லித்தர யாருமில்லை.

இனி உள்ளே வருவோர் கணக்கு. தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கென 500 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் பொதுக் கலந்தாய்வுக்கு முன்பாகவே நடக்கும் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கும் இடமுண்டு. இவை தவிர, சென்னையிலும் கோவையிலும் உள்ள பெரிய தனியார் கல்வி நிறுவனங்கள் கட்டணச் சலுகை, விடுதி, உணவு, உள்ளரங்கம் ஆகியவற்றை அளித்து நல்ல ஆட்டக்காரர்களை அழைத்துக்கொள்கின்றன. திண்டுக்கல்லிலும் சுற்றுவட்டாரத்திலும் பள்ளி அளவில் மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் ஆடியவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ரயிலேறிவிடுகிறார்கள்.

இதைக் குறைசொல்லத் தேவையில்லை. அமெரிக்கப் பொருளியலாளர் சைமன் ராட்டன்பெர்க் 1956-இல் எழுதிய ஒரு கட்டுரையே விளையாட்டுப் பொருளியல் என்ற துறையின் தொடக்கம் எனக் கருதப்படுகிறது. சட்டதிட்டங்கள் எப்படி இருந்தாலும், ஆட்டக்காரர்கள் எங்கே அதிகம் மதிக்கப்படுகிறார்களோ அங்கே சென்று சேர்வார்கள் என்பது அவர் கண்ட முடிவு. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கேரி பெக்கர், மனித மூலதனம் குறித்த தம் ஆய்வில் இன்னொன்றைச் சுட்டினார். ஒருவருக்கு அளிக்கப்படும் பயிற்சி எல்லா இடங்களிலும் பயன்படக்கூடியதாக இருந்தால், அதற்கான செலவை ஏற்க எந்த நிறுவனமும் தயங்கும். ஏனெனில், பயிற்றுவிப்பது ஒருவர், பலன் பெறுவது மற்றொருவர். பந்தை எறியக் கற்ற கை எந்த ஊர்க் கூடைக்கும் எறியும். அந்தச் செலவை நம் ஊரில் ஏற்றவர்கள், காலை ஐந்தரை மணிக்கு மைதானத்தைத் திறந்துவிடும் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்கள். பலன் வேறிடத்தில் சேர்கிறது.

இந்தப் போக்கின் எல்லையை அமெரிக்காவில் காணலாம். அங்கே 2018-இல் கல்லூரி ஆட்டக்காரர்கள் இடம் மாற விரும்புவதைப் பதிவு செய்யும் இணையப் பதிவேடு தொடங்கப்பட்டது. 2021-இல், இடம் மாறுகிறவர் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும் என்ற விதி தளர்த்தப்பட்டது. தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து மாணவர்கள் பணம் ஈட்டவும் அனுமதி கிடைத்தது. 2025-இல் ஒரு நீதிமன்றத் தீர்வின்படி, பல்கலைக்கழகங்கள் தங்கள் விளையாட்டு வருவாயிலிருந்து மாணவர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம் என்றாகிவிட்டது. முதல் ஆண்டுக்கான உச்ச வரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். இப்போது அங்கே ஒரு கூடைப்பந்து அணியின் வரும் பருவத்தைக் கணிப்பது பங்குச் சந்தையைக் கணிப்பதைப் போலாகிவிட்டது. ஓராண்டில் ஏறத்தாழ முழு அணியும் மாறிவிடும் கல்லூரிகள் உண்டு. மாணவர்களின் உழைப்புக்கு ஊதியம் கிடைப்பது நியாயமே. ஆனால், ஆண்டுக்கு ஒரு கல்லூரி என்று மாறுகிறவர் எந்தப் பாடத்தை எப்போது படித்து முடிப்பார் என்ற கேள்விக்கு அங்கேயும் சரியான விடை இல்லை.

அண்டை மாநிலங்களையும் கவனிக்க வேண்டும். கேரளம் 2024 முதல் நான்காண்டு இளநிலைப் பட்டப்படிப்பைக் கொண்டுவந்தது. மூன்றாண்டில் வெளியேறும் வாய்ப்பு இருந்தாலும், நான்காம் ஆண்டும் தங்கிப் படிக்கும் ஆட்டக்காரர்களால் அங்குள்ள அணிகளின் அனுபவம் கூடும். கர்நாடகம் 2021-இல் நான்காண்டுக்குச் சென்று, 2024-இல் மூன்றாண்டுக்கே திரும்பியது. நம் மாநிலம் மூன்றாண்டில் நிற்கிறது. தென்மண்டலப் போட்டியில் இவர்கள் அனைவரும் ஒரே களத்தில் சந்திப்பார்கள். நம் கல்லூரிகளுக்கு உள்ள வழி முதுநிலைப் படிப்பு. இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் ஆடலாம். மூன்றாமாண்டு முடித்த நல்ல ஆட்டக்காரர் அதே கல்லூரியில் முதுநிலை சேர்ந்தால், அணிக்கு இரண்டு பருவங்களும் அவருக்கு ஒரு மேற்பட்டமும் கிடைக்கும். சேர்க்கை நாளன்று நினைவூட்டி, விண்ணப்பத்தை நிரப்ப உதவ ஓர் ஆசிரியர் இருந்தால் போதும்.

சேர்ந்தவர்கள் நிலைப்பது அடுத்த கேள்வி. நம் பகுதிக்கு மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. அக்டோபர், நவம்பர் மாதங்களில் அது பெய்யும். கல்லூரிப் போட்டிகளின் உச்சகாலம் அதுவே. பருவத் தேர்வுகளும் அப்போதுதான். நம் கல்லூரிகளில் பெரும்பாலும் திறந்தவெளிச் சிமென்ட் களங்கள். மழையில் தளம் வழுக்கும், பயிற்சி நின்றுவிடும். மழை விட்ட நாளில் தேர்வு இருக்கும். உள்ளரங்கம் வைத்திருக்கும் பெருநகர அணிகளோடு நம் மாணவர்கள் மோதும்போது இந்த இழப்பும் சேர்ந்தே களமிறங்குகிறது.

பேருந்தும் ஒரு காரணம். நத்தம், வேடசந்தூர், ஆத்தூர், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் பக்கங்களிலிருந்து வரும் மாணவர்களுக்கு மாலைப் பயிற்சி முடிந்தபின் கிராமத்துக்குப் போகும் பேருந்து கிடைப்பது அரிது. சிலர் நூற்பாலைகளிலும் காய்கறிச் சந்தையிலும் பகுதிநேர வேலை பார்க்கிறார்கள். மாலை இரண்டு மணி நேரப் பயிற்சி என்பது அவர்களுக்கு அந்த நேரத்தின் கூலியை இழப்பது. இதைத்தான் பொருளியலில் வாய்ப்புச் செலவு என்கிறோம். என் வகுப்பில் படித்த ஒரு மாணவர் இரவுப் பணி முடித்து நேராகக் காலைப் பயிற்சிக்கு வருவார். இரண்டாவது பாடவேளையில் உறங்கிவிடுவார். அவரை எழுப்பக் கூடாது என்று அவருடைய அணித் தோழர்கள் எனக்குச் சைகை காட்டியது உண்டு. அணிப் பட்டியலில் அவர் பெயர் எல்லாப் பெயர்களையும் போல ஒரு வரிதான். அந்த வரிக்குப் பின்னால் இருந்த விலை எங்கும் எழுதப்படவில்லை.

அரசுப் பள்ளிகளில் படித்து உயர்கல்விக்கு வரும் மாணவியருக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. விளையாட்டுக்கென்று கொண்டுவரப்பட்டவை அல்ல இவை. ஆயினும் பேருந்துக்கும் முட்டைக்கும் பாலுக்கும் அந்தத் தொகை உதவி, அணியில் ஒருவரைத் தக்கவைக்கிறது. கூடைப்பந்துக் காலணியின் விலை அந்த ஆயிரத்தைவிடப் பல மடங்கு. சிமென்ட் தளத்தில் அது ஒரு பருவத்திலேயே தேய்ந்துவிடும். கல்லூரி விளையாட்டு நிதியில் சீருடைக்கு ஒதுக்கும் அக்கறை காலணிக்கும் வேண்டும். சீருடை புகைப்படத்தில் தெரியும். காலணி முழங்காலைக் காக்கும்.

மகளிர் அணிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அங்கே பயிற்சி நேரம் முடிவதற்குள் வீட்டிலிருந்து அழைப்பு வந்துவிடுகிறது. மூன்றாமாண்டில் திருமணப் பேச்சும் தொடங்கிவிடுகிறது. இந்திய மகளிர் அணிக்காகப் பதினெட்டு ஆண்டுகள் ஆடி, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை, திருமணத்துக்கும் தாய்மைக்கும் பின்னரும் களத்துக்குத் திரும்பி வந்தவர். அவர் பெயரை நம் மாணவியர் அறிந்திருக்கிறார்கள், பெற்றோர்கள்தான் அறிந்திருக்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறையாவது பெற்றோரைக் களத்துக்கு அழைத்து ஒரு ஆட்டத்தைப் பார்க்கவைத்த கல்லூரிகளில் மாணவியர் அணியில் நீடிப்பதை நான் கண்டிருக்கிறேன்.

மூன்றாவது எண்ணுக்கு வருவோம். மூன்று ஆண்டுகள் கல்லூரிக்காக ஆடியவர் வெளியேறும்போது அவர் கையில் என்ன இருக்கிறது?

தமிழக அரசுப் பணிகளில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடஒதுக்கீடு உள்ளது. ரயில்வே, பொதுத்துறை வங்கிகள், காவல் துறை, வருமான வரித் துறை ஆகியவை கூடைப்பந்து அணிகளை வைத்திருக்கின்றன. சென்னையில் இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி அணிகளின் பெயர் நாடறிந்தது. ஆனால், அந்த இடங்கள் மாநில அளவிலும் தேசிய அளவிலும் ஆடியவர்களுக்கே உரியவை. கல்லூரி அணியின் பன்னிரண்டு பேரில் ஒருவர் அந்த உயரத்தை எட்டினால் அது பெரும் பேறு. மற்ற பதினோரு பேர்? அவர்களுக்குப் பட்டம்தான் பிடிமானம்.

அந்தப் பட்டத்தைத்தான் பலர் முழுமையாகப் பெறாமல் போகிறார்கள். போட்டிக்குச் சென்ற நாள்களுக்கு வருகைப் பதிவு கொடுக்கப்படுகிறது. அந்த நாள்களில் நடந்த பாடம் கொடுக்கப்படுவதில்லை. பதிவேட்டில் மாணவர் வந்தவர் ஆகிறார், அறிவில் வராதவர் ஆகிறார். தாள்கள் தேங்குகின்றன. மூன்றாமாண்டு முடியும்போது கோப்பையோடு எடுத்த புகைப்படம் வரவேற்பறையில் இருக்கும். அதில் நிற்கும் இருவர் அல்லது மூவர், நிலுவைத் தாள்களை எழுதுவதற்காக ஆண்டுக்கு இருமுறை அந்தப் புகைப்படத்தைக் கடந்து சென்றுகொண்டிருப்பார்கள். அவர்களில் சிலர் சில முயற்சிகளுக்குப் பின் வருவதையே நிறுத்திவிடுவார்கள். ஓர் ஏழை வீட்டின் முதல் பட்டதாரி ஆகியிருக்க வேண்டியவர், பட்டமில்லாத முன்னாள் ஆட்டக்காரராகிறார். கல்லூரிக்குக் கோப்பை மிஞ்சியது; அவருக்கு எதுவும் மிஞ்சவில்லை. இதைப் பரிமாற்றம் என்று சொல்ல முடியாது.

செய்யக்கூடியவை பல, பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. முதலாவது, அணிப் பட்டியலில் பெயர், வகுப்பு, உயரம், ஆடும் இடம் ஆகியவற்றோடு 'நிலுவைத் தாள்கள்' என்ற ஒரு கட்டமும் வேண்டும். அதை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டியதில்லை. முதல்வரும் உடற்கல்வி இயக்குநரும் துறைத் தலைவரும் மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். இரண்டாவது, போட்டிக்குச் சென்று திரும்பிய மாணவர்களுக்கு விட்டுப்போன பாடங்களை நடத்தித் தர ஒவ்வொரு துறையிலும் ஓர் ஆசிரியர் பொறுப்பேற்க வேண்டும். மூன்றாவது, ஆண்டுதோறும் ஐந்து முதலாமாண்டு மாணவர்கள் என்ற குறைந்தபட்ச இலக்கோடு, கோடைப் போட்டிகளின்போதும் பள்ளிப் போட்டிகளின்போதும் வீரர்களைக் கண்டறிய வேண்டும். நம் ஊர்க் கல்லூரிகளால் பெருநகரங்களின் சலுகைகளை அளிக்க முடியாது. களத்தில் முதல் ஆண்டிலேயே இடம், வீட்டுச் சாப்பாடு, உறுதியாகப் பட்டம் என்ற மூன்றையும் அளிக்க முடியும். மூன்றாவதை உண்மையாக அளித்தால் அதுவே பெரிய ஈர்ப்பாகும்.

நான்காவது, நான்கு பல்கலைக்கழகங்களாகப் பிரிந்திருக்கும் நம் ஊர்க் கல்லூரிகள், பருவம் தொடங்கும் முன் தங்களுக்குள் ஒரு பயிற்சிப் போட்டித் தொடரை நடத்தலாம். இணைவு வேறாக இருப்பது நட்பு ஆட்டத்துக்குத் தடையில்லை. ஆகஸ்ட் மாதத்தில் பத்து ஆட்டங்கள் ஆடிய அணிக்கும், நேராகப் போட்டிக்குச் செல்லும் அணிக்கும் உள்ள வேறுபாட்டைப் பயிற்றுநர்கள் அறிவார்கள். மாற்று இருக்கையில் இருக்கும் முதலாமாண்டு மாணவர்களுக்கு ஆடும் நிமிடங்கள் கிடைப்பதும் இத்தகைய ஆட்டங்களில்தான். மழைக்கு ஒதுங்கி ஆட, கூரையிட்ட ஒரு பொதுக் களத்தைக் கல்லூரிகளும் முன்னாள் மாணவர்களும் மாவட்ட விளையாட்டு நிர்வாகமும் இணைந்து முயன்றால் ஊருக்கே அமைத்துக்கொள்ளலாம்.

இந்த ஆண்டு நம் அணி எப்படி என்று இனி யாரேனும் கேட்டால், வெற்றி வாய்ப்பைச் சொல்வதற்கு முன் மூன்று எண்களைச் சொல்லப் பழகுவோம். போனவர்கள் எத்தனை, வந்தவர்கள் எத்தனை, போனவர்களில் பட்டத்தோடு போனவர்கள் எத்தனை. முதலிரண்டு எண்களும் ஆண்டுக்கு ஆண்டு ஏறும், இறங்கும். அது விளையாட்டின் இயல்பு. மூன்றாவது எண் மட்டும் வெளியேறியவர்களின் எண்ணிக்கைக்குச் சமமாகவே இருக்க வேண்டும். அதில் ஒன்று குறைந்தாலும், அந்தக் கல்லூரி எத்தனை கோப்பைகளை அடுக்கி வைத்திருந்தாலும், அது தோல்வியுற்ற பருவமே.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), திண்டுக்கல்.